மூன்று இடத்தில் சொல்லி வைத்த சிப்

உதிரிபாகம் வாங்கும் மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். ஆர்டரை எந்தப் படிவத்தில் போடுவது, யார் கையெழுத்து வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் அதைச் செய்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் நான் செய்தது முழுக்க முழுக்க எங்கள் ஊர் பாணியில்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பதினெட்டு வருடம் கேம் கன்சோலுக்குப் பாகம் வாங்கினேன். ஒரு நாளும் ஒரு கேம் விளையாடியதில்லை. டிவியோடு இணைத்து விளையாடும் அந்தப் பெட்டியை என் வீட்டுக்கு யாராவது இலவசமாகக் கொடுத்தால்கூட எந்த வயரை எங்கே சொருகுவது என்று யோசிப்பேன். ஆனால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள், கடைசி ஆணி வரைக்கும் ஒப்பிப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்தவர் அதிகம் பேச மாட்டார். என் கையில் பாகங்களின் பட்டியலைக் கொடுத்து, "கீழேர்ந்து படிங்கம்மா" என்றார். மேலே இருப்பது பெரிய சிப், விலை உயர்ந்தது, கம்பெனித் தலைவரே அதைப் பற்றிப் பேசுவார். கீழே இருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள், தொழிற்சாலை லைனை நிறுத்துவது அதுதான் என்பது அவர் கட்சி. நான் நம்பவில்லை. ஆறே மாதத்தில், பெட்டிக்கு அடியில் ஒட்டுகிற ரப்பர் கால் வராமல் ஒன்றரை நாள் லைன் நின்றது. நாலு காலும் இல்லாத கன்சோல்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் வந்தார். பட்டியலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஊரடங்குக் காலம். சென்னை அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பட்டியில் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். தம்பி பாண்டிக்குத் திராட்சைத் தோட்டம். மாடிப்படியின் ஆறாவது படியில் உட்கார்ந்தால்தான் சிக்னல் கிடைக்கும். ஆகவே அந்தப் படிதான் என் அலுவலகம்.

அந்த வருடம் ஒரு புதுக் கன்சோல் சந்தைக்கு வர இருந்தது. அதை ஒன்று சேர்த்துக் கட்டுவது எங்கள் தொழிற்சாலை. பெரிய சிப்பைக் கன்சோல்காரர்களே நேரடியாக வாங்கிக்கொள்வார்கள். என் பொறுப்பில் இருந்தவற்றில் ஒன்று, பெட்டிக்குள் மின்சாரத்தை அளந்து பிரித்துக் கொடுக்கிற ஒரு பொடிச் சிப். சுண்டு விரல் நகத்தில் பாதி இருக்கும். விலை ஒரு டீக்கும் வடைக்கும் ஆகிற காசு. அது இல்லாவிட்டால் பெட்டி எழுந்திருக்காது.

ஊரெல்லாம் வீட்டில் அடைந்து கிடந்ததால் லேப்டாப்பும் டிவியும் கேமும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேண்டியிருந்தது. அந்தப் பொடிச் சிப்போ எல்லாவற்றுக்குள்ளும் போகிற சாமான். ஆறு வாரத்தில் வரும் என்றவர்கள் பத்து வாரம் என்றார்கள், அப்புறம் பதினாறு என்றார்கள். சிலிக்கன் தகட்டைத் தொழிற்சாலையில் ஏற்றினால், சிப்பாகி, சோதித்து, உறையில் அடைத்து வர ஏறக்குறைய நாலு மாதம். எங்கள் பன்னீர் திராட்சையும் கொடியைக் கவாத்து வெட்டின நாளிலிருந்து பழம் வெட்ட ஏறக்குறைய நாலு மாதம்தான். இரண்டிலும் நடுவில் நீங்கள் கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி, ஒரு வாரம் முன்னால் வராது. இதைப் புரிந்துகொள்ளாத மேலதிகாரிகளோடு நான் பாதி வாழ்க்கையைக் கழித்திருக்கிறேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கவாத்துக்குக் குறித்த நாளில் ஆள் வந்தாக வேண்டும். தள்ளிப் போனால் பழமும் தள்ளிப் போகும், அப்போது மழை பிடிக்கும், வியாபாரி வர மாட்டார். ஆனால் ஆள் வருவது நிச்சயமில்லை. ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் வந்து நின்றால் மலை ஏறிக் கேரளாவுக்குப் போய்விடுவார்கள். அதனால் தோட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளுக்கு இரண்டு செட்டு ஆட்களிடம் சொல்லி வைப்பார்கள். ஒன்று வராவிட்டால் இன்னொன்று வரும். இரண்டும் வந்துவிடுவது அபூர்வம். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. நானும் இதைப் பார்த்தே வளர்ந்தவள்.

அதையே சிப்புக்கும் செய்தேன். தைவானில் அதைத் தயாரிக்கும் கம்பெனிக்கு நேராக ஓர் ஆர்டர். அந்தச் சிப்பை விற்கும் இரண்டு விநியோகஸ்தர்களிடம் அதே அளவுக்கு இரண்டு ஆர்டர். எது முதலில் வருகிறதோ அதை வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் ரத்து செய்துவிடலாம் என்பது திட்டம். பட்டியல் கொடுத்தவருக்கு அப்புறம் வந்த மேலதிகாரியிடம் சொன்னேன், பாராட்டினார். அன்றைக்கு ஆறாம் படியில் உட்கார்ந்து எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நான் யோசிக்காமல் விட்டது இதுதான். விநியோகஸ்தர்களின் கிடங்கு எப்போதோ காலியாகிவிட்டது. அவர்களும் அதே தைவான் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். மூன்று செட்டுக்குச் சொல்லி வைத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் மூன்று ஆளை விட்டு ஒரே செட்டுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கம்பெனியில் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் மேசையில் ஒரு பெண்மணி இருந்தார். என் வயதுதான் இருக்கும். பல வருடப் பழக்கம், எல்லாம் போனில். நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. கன்சோல் வெளியாகும் தேதியை உலகத்துக்கே அறிவித்துவிட்ட பிறகு, ஒரு புதன்கிழமை காலை அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்று ஆர்டர்கள், மூன்று பெயர்கள், ஒரே எண்ணிக்கை, ஒரே வாரங்கள். மூன்றையும் நிறுத்தி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் யாருக்கு என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றைக்குத்தான் அடுத்த தகடுகளுக்கான பட்டியலை மூடுகிறேன் என்று இருந்தது. அந்தப் பட்டியலில் இடமில்லை என்றால் அடுத்த நாலு மாதத்துக்குச் சிப் இல்லை. சிப் இல்லை என்றால் அறிவித்த தேதிக்குக் கடைகளில் பெட்டி இல்லை. அதற்கு எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு ஆள் பொறுப்பு.

மேலதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் நல்ல மனிதர், பயந்தவர். "மூணும் உண்மையான ஆர்டர்னு எழுதிடுங்க. வேற வேற ப்ராஜெக்ட்டுன்னு சொல்லுங்க. விநியோகஸ்தர்கள்கிட்ட நான் பேசி லெட்டர் வாங்கித் தரேன்" என்றார்.

"இல்லாத ப்ராஜெக்ட்டுக்கு என்ன சார் பேர் வைக்கிறது?"

"பேர்தானே, வச்சுக்கலாம். இப்போ எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. நீங்க மட்டும் உண்மையைச் சொன்னீங்கன்னா கடைசி வரிசைக்குப் போவீங்க."

அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. எல்லாரும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் சரி என்றேன். வியாழக்கிழமை எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இரண்டு ப்ராஜெக்ட்டுகளுக்குப் பெயர்கூட யோசித்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பாண்டி தோட்டத்தில் மேல் பந்தலுக்குக் கவாத்து. சிக்னலுக்காக நான் படியேறப் போகும்போது தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. இரண்டு செட்டும் வந்து நின்றது. எல்லைச் சோதனைச் சாவடியை மூடியிருந்ததால் ஏலத் தோட்டத்துக்கு யாரும் போகவில்லை. வேலை கிடைத்தால் போதும் என்று எல்லாரும் இருந்த நேரம். முதலில் வந்த செட்டு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. இரண்டாவது செட்டுக்குத் தலைவர் மொக்கச்சாமி. அறுபது வயது இருக்கும். பதினோரு பேரோடு வாசலில் நின்றார், ஆளாளுக்கு முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு.

பாண்டி சங்கடப்பட்டான். "மொக்கச்சாமிண்ணே, முன்னாடியே ஒரு செட்டு இறங்கிருச்சு. நீங்க வர மாட்டீகன்னு நெனச்சுட்டேன்."

"வாரேன்னு சொன்னேன்ல பாண்டி."

"சொன்னீக. போன தடவையும்தான் சொன்னீக. ஜீப்பப் பாத்ததும் மலைக்குப் போயிட்டீகல்ல."

மொக்கச்சாமி மறுக்கவில்லை. "போனோம். இல்லேங்கல."

"அதுக்குத்தேன் ரெண்டு பக்கமும் சொல்லி வக்கிறது. ஊர்ல எல்லாரும் செய்யிற வழக்கந்தானண்ணே."

"வழக்கந்தான். வராம இருக்கிறதும் எங்க வழக்கந்தான். இன்னைக்கி வந்துட்டோம்ல." கையில் இருந்த வெட்டுக் கத்திரியை இடுப்பில் சொருகினார். "காமாச்சிபுரத்துக்காரக நேத்து ஆள் விட்டுக் கேட்டாக. பாண்டிக்குச் சொல்லிட்டேன், வார முடியாதுன்னேன். அவுக வேற செட்டப் பாத்துக்கிட்டாக. இப்ப இந்தப் பதினோரு பேருக்கு நான் என்ன சொல்லட்டும்?"

கீழ்ப் பந்தலையும் இன்றைக்கே வெட்டிவிடச் சொல்லேன் என்று நான் பாண்டியிடம் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். "ரெண்டையும் ஒண்ணா வெட்டுனா ரெண்டும் ஒண்ணாப் பழுக்கும்க்கா. பார்டரு இப்பிடியே கெடந்தா அம்புட்டு பழத்தையும் எவன் வாங்குவான்?" அவன் சொன்னதும் சரிதான்.

மொக்கச்சாமி என்னைப் பார்த்தார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ரெண்டு பக்கம் சொல்லிருக்கோம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நான் ஒரு பேச்சு கேட்டுட்டு வந்துருப்பேன் தாயி. அம்புட்டுத்தேன்" என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, "ஏலே, வாங்கடா" என்று நடந்தார். பதினோரு பேரும் பின்னால் போனார்கள். தெரு முனை வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த இடத்திலேயே எனக்கு ஞானம் பிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மாடிப்படியில் ஏறி உட்கார்ந்து முதலில் பொய்க் கடிதத்தைத்தான் தட்டச்சு செய்தேன். முதல் ப்ராஜெக்ட்டின் பெயர் வரைக்கும் போனேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. காமாட்சிபுரத்துத் தோட்டக்காரரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் நம் பேச்சை நம்பி மொக்கச்சாமி அவரிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். என் மூன்று ஆர்டரை நம்பி அந்தப் பெண்மணி எத்தனை பேரிடம் இல்லை என்று சொல்லியிருப்பார்? அவர்கள் என்ன செய்கிறவர்கள்? பம்ப்செட்டுக்கு மின்சுற்றுப் பலகை செய்கிறவரோ, தையல் மெஷின் செய்கிறவரோ. எனக்குத் தெரியாது, இன்று வரைக்கும் தெரியாது. இதோடு ஒரு பயமும் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். அந்தக் கெட்டிக்காரப் பெண்மணி என் பொய்யைக் கண்டுபிடித்தால் நிற்கப் போவது ஒரு கன்சோல் மட்டும் அல்ல.

மேலதிகாரியிடம் கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை. தைவானுக்குப் போன் போட்டேன். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். அவர் எப்போதும் அளந்துதான் பேசுவார்.

"மூன்றும் ஒன்றுதான்," என்றேன். "ஒரே கன்சோலுக்கு. இரண்டை ரத்து செய்யுங்கள். எனக்கு வேண்டியது ஒன்று."

 சிக்னல் போய்விட்டதோ என்று அடுத்த படிக்கு ஏறினேன்.

"தெரியும்," என்றார். "எனக்கு எழுத்தில் வேண்டும்."

"எழுதித் தருகிறேன். வெளியீட்டுத் தேதி அறிவித்துவிட்டார்கள். எங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?"

"நீங்கள் முதலிலேயே ஒன்று கேட்டிருந்தால் முழுதாகக் கொடுத்திருப்பேன். உங்களுக்கு முன்னால் ஒருமுறை மட்டும் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்த பிறகு மிச்சம்."

நான் வாதாடவில்லை. வாதாட எதுவும் இல்லை. "உங்களைக் கஷ்டப்படுத்தியதற்கு வருத்தம்" என்றேன்.  வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குள் கடிதம் வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மிச்சம் கிடைத்தது பாதிக்கும் குறைவு. கன்சோல் அறிவித்த தேதிக்கு வெளியானது, ஆனால் சில நாடுகளில் மட்டும். நம் நாட்டுக்கு மாதக்கணக்கில் தள்ளிப் போட்டார்கள். முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த பிள்ளைகள் இணையத்தில் திட்டித் தீர்த்தார்கள். பத்திரிகைகளில் பெரிய சிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பெரிய சிப்புக்கும் தட்டுப்பாடுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் கிடங்கில் பெரிய சிப்புகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, அந்த அரை நகத்தளவு சிப்புக்காகக் காத்துக் கிடந்தன. அதைப் பற்றி யாரும் எழுதவில்லை. என்னை அந்த ப்ராஜெக்ட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேலதிகாரி என்னிடம் மூன்று மாதம் சரியாகப் பேசவில்லை. அவர் என்னைக் காப்பாற்ற நினைத்தார், நான் அவரிடம் சொல்லாமல் போனேன். அவர் கோபம் நியாயம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் உங்களுக்கு நீதிக்கதை சொல்வது போல் ஆகிவிடும். எங்களைப் போலவே இரட்டை ஆர்டர் போட்டு, எல்லாம் உண்மை என்று கூசாமல் எழுதிக் கொடுத்த வேறொரு தொழிற்சாலைக்காரரை எனக்குத் தெரியும். அவருக்குச் சரக்கு வந்தது, பதவி உயர்வும் வந்தது. உண்மை சொன்னால் சிப் வரும் என்று நான் உங்களுக்கு உத்தரவாதம் தர மாட்டேன். ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு என்றால், அதை நீங்கள் மூன்று தடவை கேட்கும்போது தட்டுப்பாடு மூன்று மடங்காகத் தெரிகிறது; அதைப் பார்த்து அடுத்தவன் ஆறு தடவை கேட்கிறான். அந்தத் தட்டுப்பாட்டில் ஒரு பங்கு நான் செய்தது. அவ்வளவுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மறு வருடம் ஒரு காலை அந்தப் பெண்மணியே கூப்பிட்டார். யாரோ கடைசி நேரத்தில் ரத்து செய்த சிப் கொஞ்சம் கையில் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். நான் வேறு ப்ராஜெக்ட்டில் இருந்தேன். ஆனாலும் என்னைத்தான் கூப்பிட்டார். வேண்டும் என்றேன். "வேறு எங்கும் சொல்லி வைத்திருக்கிறீர்களா?" என்றார். இல்லை என்றேன். அன்று முதல் நான் ஓய்வு பெறும் வரைக்கும், எந்த ஆர்டர் போட்டாலும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், முதலில் அந்தக் கேள்வியைக் கேட்பார். ஒரு தடவைகூட விடவில்லை. மற்றவர்களிடம் கேட்பாரா என்று ஒரு நாள் விசாரித்தேன். கேட்பதில்லையாம்.

மொக்கச்சாமியும் அப்படித்தான். இப்போதும் பாண்டி தோட்டத்துக்கு வருகிறார். கூப்பிட்டால், "வேற செட்டுக்குச் சொல்லிருக்கியா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாள் சொல்வார். பாண்டி இப்போதும் இரண்டு பக்கமும் சொல்லித்தான் வைக்கிறான். ஆனால் சொல்லி வைத்திருப்பதைச் சொல்லிவிடுகிறான். அப்படிச் சொன்ன நாட்களில் மொக்கச்சாமி சில தடவை வருவதில்லை. இரண்டு பேருக்கும் அதில் வருத்தமில்லை.

போன வருடம் ஓய்வு பெற்றேன். கடைசி வாரம், தம்பி வீட்டிலிருந்தபடியே, பழகியவர்களுக்கெல்லாம் வழக்கமான கடிதம் ஒன்று அனுப்பினேன். இந்த மாதத்தோடு விடைபெறுகிறேன், இத்தனை வருட ஒத்துழைப்புக்கு நன்றி என்று. நிறையப் பேர் நீளமாகப் பதில் எழுதினார்கள், பூங்கொத்துப் படம் போட்டார்கள். தைவானிலிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

"ஓய்வு மட்டும்தானா, வேறு எங்காவது வேலைக்கும் சொல்லி வைத்திருக்கிறீர்களா?"

வாய்விட்டுச் சிரித்தேன். பாண்டியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன், அவனும் சிரித்தான். அவன் போன பிறகு அந்த வரியை மறுபடி படித்தேன். எத்தனை வருடம் ஆகிவிட்டது, இன்னும் மறக்கவில்லை. மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன், ஆனால் மறக்கவில்லை.

மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்து, "ஓய்வுக்கு மட்டும்தான், ஒரே இடத்தில்" என்று பதில் எழுதினேன்.